பிளிம்பிங் சாறும் என் இரண்டு கிட்னியும்

எனக்கு வந்தது வலி இல்லாத நோய். வலித்திருந்தால் முதலிலேயே விழித்துக்கொண்டிருப்பேன். ஒன்றுக்குப் போவது குறைந்தது, அவ்வளவுதான். காலையில் எழுந்து போனால் கொஞ்சம், அப்புறம் பொழுது சாயும்வரை ஒன்றுமில்லை. வெயில் காலம், வேர்வையில் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு விக்கல் வந்தது. தண்ணீர் குடித்தாலும் நிற்கவில்லை, மூச்சை அடக்கினாலும் நிற்கவில்லை. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் அந்தக் குழி அப்படியே நின்றது.

நானாக ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள் இல்லை. மலேசியாவில், கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி, மரத்துக்கு உரம் போட்டு, புல் வெட்டி வளர்ந்த உடம்பு இது. பிள்ளைகளைப் பெற்றதுகூடத் தோட்டத்து வீட்டில்தான். அதனால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மம்பாவில் இருக்கும் என் மகள் கோமதி ஞாயிற்றுக்கிழமை வந்தவள், வாசலில் காலணியைக்கூடக் கழற்றவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். காரில் ஏறு என்றாள். சேலை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றதற்கும் விடவில்லை. சிரம்பானில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு விக்கல், அவளுக்குக் கண்ணீர்.

அவசரப் பிரிவில் நெடுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் இன்னும் உட்கார்ந்திருக்க, என் பெயரை மட்டும் கூப்பிட்டார்கள். ஓடிவந்து கூப்பிட்டார்கள். அப்போதுதான் எனக்கு முதல் பயம் வந்தது.

நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். ஒரு ஊசியில் கால்சியம், இன்னொன்றில் இன்சுலின், கூடவே சீனித் தண்ணீர். எனக்கு இனிப்பு நீர் கிடையாது, இன்சுலின் எதற்கு என்று மிஸ்ஸியிடம் கேட்டேன். நர்சை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவள் கையை நிறுத்தாமலே சொன்னாள். பொட்டாசியம் என்று ஒரு உப்புச் சத்து உண்டு. காய், பழம், எதில் பார்த்தாலும் இருக்கும். அதிகமானதைக் கிட்னி வெளியே தள்ளிவிடும். கிட்னி தள்ளவில்லை என்றால் இரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். இன்சுலின் சீனியைத் திசுக்களுக்குள் தள்ளும்போது இந்த உப்பையும் சேர்த்து உள்ளே தள்ளும். கால்சியம் அதுவரைக்கும் இதயத்துக்குக் காவல். இவ்வளவையும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் அந்த ஒயர் போய்ச் சேர்ந்த பெட்டியில் ஓடுகிற இதயக் கோட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

விடிந்ததும் டாக்டர் வந்தார். தலையில் துடோங் முக்காடு போட்ட மலாய்ப் பெண், என் பேத்தி வயதுதான் இருக்கும். என்னை ஆன்ட்டி என்றார். இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திவிட்டன, காரணம் தெரியவில்லை என்றார். திரும்பி வந்தாலும் வரலாம். வராவிட்டால் ஆயுசுக்கும் இரத்தம் கழுவுகிற மெஷின், வாரத்தில் மூன்று நாள்.

பிறகு கேட்டார், வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா, ஜாமு, நாட்டு மருந்து, பவுடர், மாத்திரை?

இல்லை என்றேன். பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை. ஊர் ஊராக வந்து விற்கிறவனிடம் பவுடர் வாங்கி ஏமாறுகிற ஆள் நான் இல்லை, அந்த ரோஷத்தில் சொன்னேன்.

நான் குடித்தது காய். எங்கள் வீட்டுப் பின்னால் நிற்கும் பிளிம்பிங் மரத்துக் காய். விரல் நீளத்தில், பச்சையாக, கிளையில் காய்க்காமல் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். கடித்தால் பல் கூசும். மலாய்க்காரர்கள் மீன் குழம்பில் இரண்டு மூன்று போடுவார்கள். கிளினிக்கில் பிரஷர் கூடியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள், அது எனக்குத் தலையைச் சுற்றியது. கோயிலில் ஒரு பெண் சொன்னாள், பிளிம்பிங்கைப் பச்சையாக அரைத்து வெறும் வயிற்றில் குடித்தால் பிரஷர் இறங்கும் என்று. இந்தக் கைவைத்தியம் தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். நானும் ஆரம்பித்தேன்.

நான்கு நாள் நான் அரைத்தேன். தலைச்சுற்றல் நிற்காததைப் பார்த்து என் வீட்டுக்காரர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் எனக்கு ஒரு கிளாஸ் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்ததில்லை. தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை செய்தவர். நாங்கள் கொண்டுவந்து ஊற்றும் ரப்பர் பாலில் ஆசிட் கலந்து உறைய வைப்பது அவர் வேலை. பேச்சு குறைவு. அப்படிப்பட்டவர் விடியற்காலையில் வாளியோடு மரத்தடிக்குப் போய், நல்ல காயாகப் பார்த்துப் பறித்து, கழுவி, அரைத்து, துணியில் வடிகட்டி, புளிப்புக்குக் கொஞ்சம் சீனி போட்டு, பெரிய கிளாஸ் நிறைய கொண்டுவந்து நீட்டினால் யார்தான் வேண்டாம் என்பாள்? இன்னொரு வாய் இருந்தால் அதிலும் குடித்திருப்பேன்.

வார்டில் என் பக்கத்துக் கட்டில்காரி ஞானம்மா. மந்தினிலிருந்து வந்தவள், கிறிஸ்தவப் பெண், பல வருடமாக மெஷினில் இருப்பவள். இடது கையில் நரம்பைத் தடிக்க வைத்து ஊசி குத்த வழி செய்திருந்தார்கள். கயிறு போல முறுக்கிக்கொண்டு நிற்கும். தொட்டுப் பார் என்றாள். தொட்டேன். உள்ளே ஏதோ வண்டு அடைபட்டிருப்பது போல அதிர்ந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

“பயப்படாதக்கா, கடிக்காது” என்றாள். “எம் புருசன்கூட இவ்வளவு நேரம் எங்கூடப் பேசுனதில்ல, இது இருபத்துநாலு மணி நேரமும் பேசுது.”

அவளிடம்தான் பாதி விஷயம் கற்றேன். என் விக்கலுக்கும் குமட்டலுக்கும் காரணம் யூரியா என்றாள். நாம் தின்கிற மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றிலும் இருக்கிற புரதம் உடம்பில் உடைந்து, மிஞ்சுகிற கழிவு அது. கிட்னி அதைச் சிறுநீரில் கழுவி விடும். நாம் மரத்துக்குப் போடும் யூரியா உரமும் அதே பொருள்தான் என்று மிஸ்ஸியும் சொன்னாள். அந்த வெள்ளை உரத்தை இடுப்பில் பக்கெட் கட்டி மலைமேட்டில் தூவியவள் நான். அது என் இரத்தத்தில் ஓடுகிறது என்று கேட்டதும் அன்று முழுவதும் எச்சிலை விழுங்கப் பிடிக்கவில்லை.

தினமும் காலையில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். நம் தசை வேலை செய்வதில் உண்டாகிற கழிவு அது. தினமும் ஏறக்குறைய ஒரே அளவு உண்டாகும். அதனால், இரத்தத்தில் அது ஏறினால் கிட்னி தள்ளவில்லை என்று அர்த்தம், இறங்கினால் தள்ளுகிறது என்று அர்த்தம். நான் வார்டில் சேர்ந்த மறுநாள் ஏறுவது நின்றது. டாக்டர் முகம் தெளிந்தது. அதற்கடுத்த நாள் மறுபடி ஏறியது. அதற்கடுத்த நாள் இன்னும் ஏறியது. டிரிப் ஏற்றியும், மருந்து மாற்றியும் ஏறிக்கொண்டே போனது. டாக்டர் என் கட்டிலருகே நிற்கிற நேரம் நீண்டுகொண்டு போனது.

கடைசியில் கழுத்தில் குழாய் வைத்து மெஷினில் போட்டார்கள். மெஷினுக்குள் முடியைப் போல மெல்லிய குழாய்கள் ஒரு கட்டாக இருக்கும். உள்ளே நம் இரத்தம், வெளியே சுத்தமான உப்புத் தண்ணீர், நடுவில் குழாயின் சுவர். அழுக்கு அதிகமாக இருக்கிற பக்கத்திலிருந்து இல்லாத பக்கத்துக்குத் தானாகவே கசிந்து போய்விடுமாம், யாரும் பிடித்துத் தள்ள வேண்டாம். எழுந்தபோது வாய்க்கசப்பு குறைந்து, விக்கல் நின்றிருந்தது. ஆனால் ஒன்றுக்கு வரவில்லை. கிட்னியின் வேலையை மெஷின் செய்யும், கிட்னியை மெஷின் திருப்பித் தராது என்று ஞானம்மா சொல்லிவிட்டாள்.

என் வீட்டுக்காரர் தினமும் மதியப் பார்வை நேரத்துக்கு வந்தார். கோலா பிலாவிலிருந்து பஸ் ஏறி, கையில் ஒரு பிளாஸ்க். உள்ளே பிளிம்பிங் சாறு. டாக்டர் இன்னும் பிரஷர் கூடியேதான் இருக்கிறது என்று கோமதியிடம் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, முன்னைவிடக் கெட்டியாக அரைத்து எடுத்து வந்தார். மிஸ்ஸி அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து மூடியில் ஊற்றி நீட்டுவார்.

“இந்தா புள்ள, குடிச்சிரு. ஊசியெல்லாம் சும்மா. பிரஷர் எறங்குனா எல்லாம் சரியாயிரும்.”

எனக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுத்தார்கள். தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சாறு சில்லென்று இறங்கும். குடித்ததை மிஸ்ஸியிடம் சொன்னால் திட்டுவாள் என்று சொல்லவில்லை. அதோடு, ஞானம்மாவைப் பார்க்க வருகிற ஆள் குறைவு. அவள் கண் முன்னால் என் புருஷன் பிளாஸ்க் திறந்து எனக்கு ஊற்றிக் கொடுப்பதில் எனக்கு ஒரு கெத்து.

“கொடுத்து வச்சவக்கா நீ” என்பாள்.

“எங்க வீட்டு மரத்துக் காய்” என்பேன்.

டாக்டர் கிட்னியிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். பயாப்சி என்று பெயர். குப்புறப் படுக்க வைத்து, மரத்துப் போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நீளமான ஊசியை முதுகில் இறக்கினார்கள். மூச்சைப் பிடி என்றார்கள். காகிதம் தைக்கிற மெஷின் போல டக் என்று ஒரு சத்தம், என் உடம்புக்குள்ளே கேட்டது. வலி பெரிதாக இல்லை. அதற்குப் பிறகு இரத்தம் கசியாமலிருக்க அசையாமல் மல்லாந்து கிடந்த நேரம்தான் பெரிது. கோமதி என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

முடிவு வந்த நாள் மதியம் டாக்டர் பார்வை நேரத்திலேயே வந்துவிட்டார். கோமதி வேலைக்குப் போயிருந்தாள். என் வீட்டுக்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கையில் பிளாஸ்க், மூடி திறந்திருந்தது.

டாக்டர் மலாயில் நிதானமாகச் சொன்னார். கிட்னிக்குள் சிறுநீர் ஓடுகிற நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் பொடிக்கற்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஒருவகை வெளிச்சத்தில் பார்த்தால் உடைந்த கண்ணாடி போல மின்னுகின்றன. சில காய்களில் ஆக்ஸாலிக் ஆசிட் என்று ஒரு புளிப்பு உண்டு. கரைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. நம் இரத்தத்தில் கால்சியம், அதாவது எலும்பில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து, அதுவும் கரைந்துதான் இருக்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் பிறகு தண்ணீரில் கரையாது. தண்ணீரை வடித்து எடுத்து மிச்சத்தைக் கெட்டியாக்குகிற இடம் கிட்னி என்பதால், அங்கேதான் கல்லாக இறங்கும்.

சொல்லிவிட்டுப் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அடிமரத்தில் கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய்.

“ஆன்ட்டி, இதை ஜூஸ் போட்டுக் குடித்தீர்களா?”

என் வீட்டுக்காரரைப் பார்க்காமல் டாக்டரையே பார்த்தேன். ஆமாம், நான்தான் வீட்டில் போட்டுக் குடித்தேன் என்றேன்.

“எப்போது நிறுத்தினீர்கள்?”

“இங்கே வந்த அன்னைக்கே.”

டாக்டர் என் ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார், இத்தனை நாள் குடிக்காமல் இருந்தும் கிட்னி திரும்பவில்லை என்றால், ஏறிக்கொண்டே போகிறது என்றால், அது இனி வராது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் நரம்பு ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம்.

பக்கத்துக் கட்டிலில் ஞானம்மா தன் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் எல்லாவற்றையும் பார்த்தவள். என்னைப் பார்த்தாள், பிளாஸ்க்கைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறந்தால் என் கிட்னிக்கு ஒரு வழி. திறந்தால் கால்மாட்டில் நிற்கிற மனுஷன் அதோடு முடிந்தார். ஆபரேஷனுக்குச் சரி என்று சொல்லிவிடலாம் என்றே நினைத்தேன். வாய்வரை வந்துவிட்டது.

“பொய் சொல்றா டாக்டர்” என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குத் தெரிந்த கொஞ்ச மலாயில் சொன்னார். “நேத்தும் குடிச்சா. தெனமும் நான்தான் கொண்டாந்து குடுத்தேன். இதோ.”

பிளாஸ்க்கை இரண்டு கையாலும் டாக்டர் முன்னால் நீட்டினார். டாக்டர் வாங்கி முகர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மிஸ்ஸியைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார், “உள்ளாற ஒறைஞ்சிருச்சா? அப்படித்தான சொல்றாங்க?”

“அப்படித்தான்” என்றேன்.

“ஆசிட் விழுந்த பால மறுபடி பாலாக்க முடியாது புள்ள. ஒரு நாளும் ஆனதில்ல. எத்தன வருசம் பாத்திருக்கேன்.”

அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அவர் என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். மலாயில் சொன்னேன். டாக்டர் அவரைப் பார்த்தே பதில் சொன்னார். அங்கிள், அந்தப் பாலுக்கு உயிர் இல்லை. கிட்னிக்கு உயிர் இருக்கிறது. அடைத்த குழாயின் உள்தோல் செத்தாலும் புதிதாக வளரும், வளர்ந்தால் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். ஆனால் மேலே மேலே புளிப்பு போகக் கூடாது. இன்றிலிருந்துதான் நாள் கணக்கு. வரும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வராது என்றும் இனிச் சொல்ல மாட்டேன். ஆபரேஷன் பேச்சைத் தள்ளி வைக்கலாம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். மீன் குழம்பில் இரண்டு காய் போடுவதை நான் குறை சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. கிண்ணம் கிண்ணமாகப் பச்சைக் காயைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடித்ததுதான் வினை. சோற்றோடு, மீனோடு சேர்ந்து போனால் அதில் இருக்கிற கால்சியம் புளிப்பை வயிற்றிலேயே பிடித்துக்கொண்டு மலத்தில் வெளியே போய்விடுமாம். வெறும் வயிற்றில் பிடிக்க ஆள் இல்லை, நேராக இரத்தத்துக்குப் போகிறது. ஏற்கெனவே கிட்னி பலவீனம் உள்ளவர்கள் ஐந்து மூலைப் பழம் என்கிற ஸ்டார் ஃபுரூட்டையும் தொடக் கூடாது என்றார்கள். மருந்து சாப்பிட்டாயா என்று டாக்டர் கேட்டால், காய், இலை, வேர் எதைத் தின்றிருந்தாலும் சொல்லிவிடுங்கள். மரத்தில் காய்த்தாலும் அதற்குள் இருப்பது ஆசிட்தான்.

அடுத்த நாள் என் வீட்டுக்காரர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கோமதி சொன்னாள், அப்பா வருகிறார், தினமும் வருகிறார், கீழே மருந்து கொடுக்கிற இடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மேலே ஏற மாட்டேன் என்கிறார். பார்வை நேரம் முடிந்ததும் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடுகிறார். சாப்பிடுவதும் இல்லை. நீ அவரை வந்து பேசச் சொல்கிறாய் என்று சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. படுத்திருக்கிறவள் நான், இவர் எதற்குப் பட்டினி கிடக்கிறார்? ஞானம்மா சிரித்தாள்.

“காவல்காரரு கீழ நிக்கிறாரு. ஒங் கிட்னி மாடிப்படி எறங்கி ஓடிறக் கூடாதுல்ல.”

சிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு காலையும் இரத்தம் எடுக்க வருகிறவளின் காலடி கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஏறியதா, நின்றதா? மெஷினில் போட்ட மறுநாள் குறைவாக இருக்கும், அது மெஷின் கழுவியது, நம்பக் கூடாது. மெஷின் இல்லாத நாளில் என்ன ஆகிறது, அதுதான் பேச்சு. கழிவறையில் ஒரு பிளாஸ்டிக் ஜாடி வைத்திருந்தார்கள். வருவதை அதில் பிடித்து மிஸ்ஸியிடம் கொடுக்க வேண்டும், அவள் அளந்து எழுதுவாள். நான் போய் உட்கார்ந்து, உட்கார்ந்து, அடி நனையாத ஜாடியைத் திருப்பி வைத்துவிட்டு வருவேன். வெளியே வரும்போது ஞானம்மா முகத்தைப் பார்க்க மாட்டேன். அவளும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மெஷின் இல்லாத ஒரு நாள் இரத்தத்தில் ஏறியது கொஞ்சம்தான் என்றார் டாக்டர். மேலே நான் கேட்கவில்லை, கேட்டால் கலைந்துவிடும் போல இருந்தது. அன்று மதியம் சோறு வருவதற்கு முன்னால் அடிவயிறு கனத்தது. பல நாளாக மறந்துபோன கனம். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். உட்கார்ந்ததும் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. ஜாடியில் சத்தம் கேட்டது. நான் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

கழுத்துக் குழாயை எடுக்க அதற்குப் பிறகும் பல நாள் ஆனது. கிட்னி முழுதாகத் திரும்பவும் இல்லை. பாதிக்கு மேல் வேலை செய்கிறது, இன்றைக்கும் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் மெஷினில் படுக்கப் போவதில்லை.

ஜாடியில் சத்தம் கேட்ட அன்று நான் அதை உடனே மிஸ்ஸியிடம் கொடுக்கவில்லை. மூடி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். பார்வை நேரத்துக்கு வந்த கோமதியிடம், அப்பா இப்போதே மேலே வந்தாக வேண்டும், வராவிட்டால் டியூபோடு நான் இறங்கி வருவேன் என்று சொல் என்றேன். வந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. கட்டிலுக்கு எட்டத்திலேயே நின்றார்.

வாழ்நாளில் எனக்கு வயிற்றுப்போக்கு வந்தால்கூட அவருக்குத் தெரியாமல் துணியை அலசிப் போட்டவள் நான். ஜாடியின் மூடியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன்.

“பாருங்க.”

குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இவ்வளவும் நீயா?”

“பின்ன பக்கத்துக் கட்டில்லயா கடன் வாங்குனேன்? மிஸ்ஸி அளக்கணும், கொண்டுபோய்க் குடுங்க. சிந்தாம.”

கோமதி வாங்க வந்தாள். அவர் விடவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பார்வையாளர்கள் நிறைந்த வார்டின் நடுவே, எதிரே வந்தவர்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு, மிஸ்ஸியின் மேசைவரை ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து நடந்தார். எல்லோரும் பார்த்தார்கள். நானும் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.